பக்கத்துக் கோடுகள்

பி.எஸ்ஸி. இயற்பியலில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்ட முதல் வித்தை, விடையிலிருந்து கேள்விக்குப் போவது. கேலி இல்லை, உண்மையாகத்தான் சொல்கிறேன். புவியீர்ப்பு முடுக்கம் எவ்வளவு வரவேண்டும் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அப்புறம் எதற்கு வேர்த்து விறுவிறுத்து ஊசலை ஆட்டிவிட்டு, ஸ்டாப்வாட்சும் கையுமாக ஐம்பது அலைவு எண்ண வேண்டும்? ஒன்பது புள்ளி எட்டை எடுத்துக்கொள். சூத்திரத்தைத் தலைகீழாகப் போடு. எத்தனை விநாடி என்று தானாக வந்துவிடும். அதைக் கொஞ்சம் கலைத்துவிடு. இங்கே ஒரு விநாடி கூட்டு, அங்கே அரை விநாடி குறை. ரொம்ப ஒழுங்காக இருந்தால் மேடத்துக்குச் சந்தேகம் வந்துவிடும். இதற்கு எங்கள் வகுப்பில் 'குக் பண்றது' என்று பெயர். வீட்டில் எனக்கு ரசம் வைக்கத் தெரியாது. லேபில் என் கைப்பக்குவத்துக்கு ஈடு கிடையாது.

லேபில் எங்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள். வருகைப் பதிவேட்டில் யார் பெயருக்குக் கீழே யார் பெயர் வருகிறதோ அவர்கள் ஜோடி. மூன்று வருஷத்துக்கும் அதே ஜோடிதான். கல்யாணத்தில்கூட இவ்வளவு கண்டிப்பு இல்லை. அப்படி எனக்கு வாய்த்தவள் தேனாம்பேட்டைக்காரி. அவள் அப்பா காருக்கு சீட் கவர் தைக்கும் கடை வைத்திருந்தார். வீட்டுக்குள் உருது, வாசலைத் தாண்டினால் தமிழ். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மயிலாப்பூரில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். அப்பா தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவைப் பார்த்துக்கொண்டார். நான் வாயைத் திறந்தால் 'ஏட்டி' என்று வரும், அவள் திறந்தால் 'இன்னாடி' என்று வரும். முதல் வாரமே ஒருத்தி பேச்சை ஒருத்தி பழித்துக் காட்டிச் சிரித்துச் சிநேகமாகிவிட்டோம்.

அவளிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம். கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் எழுதுவாள்.

முதல் செமஸ்டரில் ஊசல் சோதனை. எங்களுக்கு ஒன்பது புள்ளி மூன்று வந்தது.

"இத அப்படியே எழுதினா மேம் காய்ச்சிருவாங்க," என்றேன்.

"காய்ச்சட்டும். வந்தது இதானே?"

"ஊருக்கெல்லாம் ஒன்பது புள்ளி எட்டு. உனக்கு மட்டும் பூமி தனியா இழுக்குதாக்கும்?"

"எங்கியோ தப்பு பண்ணிக்கிறோம் மச்சி. தப்பையும் சேத்து எழுதினாத்தானே எங்கன்னு தேட முடியும்?"

மேடம் காய்ச்சினார். அவள் அசரவில்லை. அடுத்த வாரம் உட்கார்ந்து தேடி, நூலைக் கொக்கி வரைக்கும்தான் அளந்திருக்கிறோம், குண்டின் நடுமத்தி வரைக்கும் அளக்கவில்லை என்று கண்டுபிடித்தாள். அளந்து மறுபடி போட்டால் விடை ஒழுங்காக வந்துவிட்டது. அவள் ஏதோ புதையல் கிடைத்த மாதிரி குதித்தாள். எனக்கு வந்ததே கோபம்! அந்தக் குதிப்புக்காக இரண்டு வாரம் என் பஸ்ஸை விட்டிருந்தேன்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவளுக்கு வரவே வராது. நான் கத்தி முடிக்கும்வரை சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டிருப்பாள், முடித்ததும் டப்பாவை என் பக்கம் தள்ளுவாள். கீமா சப்பாத்தி. எங்கள் வீட்டில் முட்டைகூட நுழையாது. அந்தச் சட்டம் கல்லூரி கேட்டோடு முடிந்துவிட்டது என்று நான் வைத்துக்கொண்டேன். அவளை எனக்கு அவ்வளவு பிடிக்கும். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் வருஷம் ஒளியியல் லேப் வந்தது. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்த ஓர் அறை, அதற்குள் ஐந்தாறு ஸ்பெக்ட்ரோமீட்டர். அது ஒன்றும் பிரமாதமான கருவி இல்லை. நடுவில் ஒரு வட்ட மேடை, இரண்டு பக்கமும் இரண்டு குழாய். ஒரு குழாயின் முனையில் தலைமுடி அகலத்துக்கு ஒரு பிளவு, அதன் வழியே சோடியம் விளக்கின் மஞ்சள் வெளிச்சம் நுழையும். இன்னொரு குழாய் தொலைநோக்கி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்ற கண்ணை அதில் வைத்தால், கறுப்புக்கு நடுவே ஒரே ஒரு மஞ்சள் கோடு நிமிர்ந்து நிற்கும். மேடையில் முப்பட்டைக் கண்ணாடியை வைத்தால் கோடு விலகிப் போகும். எவ்வளவு கோணம் விலகியது என்று அளந்தால் சோதனை முடிந்தது.

அந்தக் கோட்டை முதல் தடவை பார்த்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. அவ்வளவு சுத்தமான மஞ்சளை நான் அப்பா கடைப் பட்டில்கூடப் பார்த்ததில்லை. பார்த்துவிட்டு அவளிடம் கொடுத்தேன். அவள் குனிந்தாள், ரொம்ப நேரம் நிமிரவே இல்லை.

"மூணு கோடு தெரியுதுடி," என்றாள்.

"மூணா? ஒண்ணுதானே."

"நடுவுல பளிச்சுன்னு ஒண்ணு. வலது பக்கம் மங்கலா ரெண்டு. நல்லா பாரு."

நான் நல்லாவே பார்த்தேன். ஒன்றுதான்.

"புக்ல ஒண்ணுன்னு போட்டுக்குது, அதனால நீ ஒண்ணுங்கிற," என்றாள். குத்திக்காட்டும் குரல் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நிஜமாகவே பார்த்துவிட்டுச் சொல்கிறேன், நம்பமாட்டேன் என்கிறாள்! அவளைச் சொல்லியும் குற்றமில்லை. ஒரு வருஷமாக என் பக்கத்தில் உட்கார்ந்து நான் சமைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

லேப் அட்டெண்டர் அண்ணனைக் கூப்பிட்டோம். அவர் பிளவை ஒரு மெல்லிய துணியால் துடைத்தார், எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா, மெசின் ஷோக்கா கீது. ஒரே கோடுதான் நிக்குது. காலைல சாப்ட்டியா இல்லியா நீ?"

அவர் ரெண்டு செகண்டுதான் பார்த்தார், அது கணக்கில் வராது என்றாள் அவள். மறுவாரம் வேறு ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு மாற்றிக்கொண்டாள். அதிலும் மூன்று தெரிந்தது. உடனே ஒரு முடிவுக்கு வந்தாள்: எல்லாக் கருவியும் ஒரே கம்பெனியில் ஒரே சமயத்தில் வாங்கினவை, அதனால் எல்லாவற்றிலும் அதே குறை.

கோளாறு அவள் கண்ணில்தான். இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஒளித்துவைத்து ஆட்டம் காட்ட இது துப்பறியும் கதை இல்லை. வலது கண். தெருவில் போகிற யாரைக் கேட்டிருந்தாலும் 'போய் கண்ணைக் காட்டும்மா' என்றிருப்பார்கள். இயற்பியல் படிக்கிற இரண்டு மண்டைகளுக்கும் அது தோன்றவில்லை. கருவியைச் சந்தேகப்படு, விளக்கைச் சந்தேகப்படு, கணக்கைச் சந்தேகப்படு என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். இடது கண் நன்றாக இருந்ததால், இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது அவளுக்கு அவ்வளவாக ஒன்றும் தெரியவில்லை. தொலைநோக்கிக்கு மட்டும் எப்போதும் வலது கண்தான் போகும். ஏனென்றால் அவளுக்கு இடது கண்ணைத்தான் தனியாக மூடவரும். வலதை மூடப் பார்த்தால் இரண்டும் சேர்ந்து மூடிக்கொள்ளும், அதைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன்.

மூன்றாவது வாரம். அந்தச் சோதனைக்கு ரெக்கார்டில் கையெழுத்து வாங்கக் கடைசி நாள். மற்ற ஜோடிகள் எல்லாம் போய்விட்டார்கள். அப்பா கடையில் தள்ளுபடிக்கு நல்ல சுடிதார்கள் வந்திருப்பதாகவும், ஐந்து மணிக்குள் வந்தால் எடுத்துவைப்பதாகவும் போன் செய்திருந்தார். எனக்குக் கால் நிலைகொள்ளவில்லை. இவள் விடவில்லை.

"ஒரே ஒரு தடவ பாருடி. ப்ளீஸ். புக்க மறந்துட்டு பாரு."

குனிந்தேன். கண்ணைத் தொலைநோக்கியில் வைத்தேனா, அதன் விளிம்பில் வைத்தேனா, அதுகூட நினைவில்லை.

"ஆமாடி. மூணு தெரியுது. கெளம்புவமா?"

அந்த இருட்டிலும் அவள் முகம் மலர்ந்தது தெரிந்தது. என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "ரெண்டு பேரு பாத்தாச்சு. ஒருத்தி பாத்தா பிரமையா இருக்கலாம். ரெண்டு பேரு பாத்தா அது உண்மைடி," என்றாள்.

நான் ஐந்து மணிக்குள் தி. நகர் போய்ச் சேர்ந்தேன். பச்சைச் சுடிதார் எடுத்தேன்.

அதோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவளா விடுவாள்! ஒவ்வொரு வாரமும் வகுப்புச் சோதனையை முடித்துவிட்டு, மீதி நேரத்தில் பக்கத்துக் கோடுகள் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று அளக்க ஆரம்பித்தாள். எங்கள் அப்சர்வேஷன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதற்கு ஓர் அட்டவணை. நெடுக்காகக் கோடு போட்டு இரண்டு காலம், அதாவது இரண்டு பத்தி. முதல் காலம் அவள் பார்த்தது, இரண்டாவது காலம் நான் பார்த்தது. அவள் அளந்து சொல்வதை நான் எழுதுவேன். அப்புறம் நான் குனிந்து, ஒரே கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவள் சொன்னதில் சின்னதாக ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ என் காலத்தில் எழுதுவேன். என் கைப்பக்குவம்தான் தெரியுமே. எந்த மேடம் பார்த்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

கோடுகள் விலகிக்கொண்டே போயின. ஆடியில் இருந்ததைவிட ஐப்பசியில் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு தள்ளி நின்றன. அவளுக்கு ஒரே பரவசம்.

"ஏன்டி நகருது? லேம்ப் பழசாகுதா? வெயில் கொறஞ்சதால குழா சுருங்குதா?" என்று மழைத்தண்ணீர் முழங்கால் வரைக்கும் நிற்கிற தெருவில் நடந்துகொண்டே கேட்பாள். "மூணாவது வருஷ ப்ராஜெக்டே இதான். ரெண்டு பேரு பேரும் போட்டுக்கலாம்."

எனக்கு மாட்டிக்கொள்வோமோ என்று பயம். சத்தியமாகச் சொல்கிறேன், அது ஒன்றுதான் என் பயம்.

அவள் வலது கண்ணைப் புறங்கையால் கசக்கிக்கொண்டே இருப்பாள். அந்த வருஷம் இரண்டு முறை கண்ணாடி மாற்றினாள். தலைவலி என்பாள். "போன பாத்துகினே இருந்தா பவர் ஏறாம இன்னா பண்ணும்னு அம்மி திட்டுது," என்று சிரிப்பாள். அம்மாவை அவள் 'அம்மி' என்றுதான் கூப்பிடுவாள். சாயங்காலம் பஸ் வந்தால் என்ன நம்பர் என்று என்னைக் கேட்பாள், நான் சொல்வேன். இவ்வளவும் என் கண்ணெதிரே நடந்தது. ஒன்றோடு ஒன்றை முடிச்சுப்போட எனக்குத் தெரியவில்லை. போட வேண்டிய இடத்தில்தான் என் பொய் உட்கார்ந்திருந்ததே.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்த வாரம். தியரி வகுப்பில் மேடம் லென்ஸ் குறைகளைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு முந்தின பீரியட், பாதி வகுப்பு அரைத் தூக்கம். மேடம் போகிற போக்கில் ஒன்று சொன்னார். வரிசையாக நாலைந்து லென்ஸ் இருக்கிறது, பிம்பம் சிதைந்து தெரிகிறது, எந்த லென்ஸில் குறை என்று தெரியவில்லை என்றால், ஒவ்வொன்றாக இருந்த இடத்திலேயே திருப்பிப் பாருங்கள். எதைத் திருப்பும்போது சிதைவும் கூடவே திரும்புகிறதோ, குறை அதில்தான் இருக்கிறது.

அவள் அதை எழுதிக்கொண்டிருந்தாள். எழுதுவதை நிறுத்தி வலது கண்ணைக் கசக்கினாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாங்கள் திருப்பிப் பார்க்காத லென்ஸ் இன்னும் ஒன்று இருக்கிறது. அட்டெண்டருக்கு ஒரு கோடு. எனக்கு ஒரு கோடு. இவளுக்கு மட்டும் மூன்று. இத்தனை மாதமாக இரண்டு பேர் பார்த்ததாக அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள், அந்த இரண்டாவது ஆள் நான்.

மணி அடித்ததும் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு லேபுக்கு ஓடினேன். அட்டெண்டர் அண்ணன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"அண்ணா, சாவி. அரை மணி நேரம்ண்ணா."

"சோறு துன்ற நேரத்துல இன்னாமா லேபு?" என்று சொல்லிக்கொண்டே கொடுத்துவிட்டார். என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

சோடியம் விளக்கு எடுத்தவுடன் மஞ்சளாகாது. முதலில் ரோஸ் நிறத்தில் மினுங்கிக்கொண்டிருக்கும், பத்து நிமிஷமாவது காத்திருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிஷத்தில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொல்லாமல் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். "இன்னாடி ஆச்சு உனக்கு?" என்று அவள் இரண்டு தடவை கேட்டாள்.

"நீ பாரு," என்றேன். "நான் சொல்றது எதையும் நம்பாத. நீயே பாத்துச் சொல்லு."

குனிந்தாள். "மூணு."

"தொலைநோக்கியத் தொடாத. தலைய மட்டும் மெதுவாச் சாய்."

சாய்த்தாள்.

"நகருதுடி," என்றாள்.

"எப்படி?"

"பக்கத்து கோடு ரெண்டும் மேல ஏறுது. நடுவுல இருக்கறதோட வந்து சேருது." இன்னும் சாய்த்தாள். காது கிட்டத்தட்டத் தோளில் பட்டது. "ஒண்ணாயிடுச்சு."

"நிமிரு."

"திரும்ப பக்கத்துல வந்துடுச்சு."

அதற்கப்புறம் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளாகவே சாய்த்தாள், நிமிர்த்தினாள், மறு பக்கம் சாய்த்தாள். என்னைவிட அவள் பத்து மடங்கு நல்ல மாணவி. கருவியைத் தொடாமல் தன் தலையைத் திருப்பினால் கோடு திரும்புகிறது என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டாம். கடைசியில் உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, இடது கண்ணை வைத்துப் பார்த்தாள்.

"ஒண்ணுதான்," என்றாள்.

ஆறு மாதத்துக்கு முன்னால் நான் சொன்ன அதே வார்த்தை. அவள் குரலில் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. மஞ்சள் வெளிச்சத்தில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப உன் காலம்?"

"குக்," என்றேன்.

"எல்லாமா?"

"எல்லாம்."

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் ஏதாவது கத்தியிருப்பேன், பாதி பாரம் இறங்கியிருக்கும். அவள் விளக்கை அணைத்தாள், முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள், சுவரைத் தடவிக்கொண்டே வெளியே போனாள்.

ஒன்பது நாள் பேசவில்லை. வகுப்பில் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். லேபில் பதிவேட்டு வரிசையை மாற்ற முடியாதே, அங்கே மட்டும் என்னோடுதான் நிற்க வேண்டும். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் பார்த்து எண்களைச் சொன்னாள். நான் எழுதினேன். எண்களைத் தவிர ஒரு வார்த்தை கிடையாது. வீட்டில் குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் அழுதேன். "ஏட்டி, தண்ணி பூராவும் போகுது, உள்ள என்ன பண்ணுத?" என்று அம்மா கதவைத் தட்டினாள். பரீட்சை பயம் என்று சொன்னேன். பொய் சொல்ல மட்டும் எனக்கு யோசிக்கவே வேண்டாம்.

பத்தாம் நாள் போனில் செய்தி வந்தது. 'நாளைக்கு காலைல கண் ஆஸ்பத்திரி. அம்மி வருது. லாஸ்ட் பேஜ் இருக்கற நோட்டு உன்கிட்ட இருக்கு. எடுத்துகினு வா.' அவ்வளவுதான். நான் விடிந்ததும் குளித்து, சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன்.

அவள் அம்மாவை அதற்கு முன் இரண்டொரு முறைதான் பார்த்திருந்தேன். கையில் ஒரு தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு, உதடு அசைந்தபடி, பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார். ஒவ்வொரு இயந்திரத்திலும் அவள் முகத்தை வைக்கச் சொல்லிக் கண்ணைப் படம் எடுத்தார்கள். பிறகு மூன்று பேரையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டர் ஓர் இளம்பெண். திரையில் கலர் கலராக ஒரு படத்தைக் காட்டினார். கண்ணுக்கு முன்னால் கண்ணாடி மாதிரி இருக்கும் கார்னியா மெலிந்து, கூம்பு மாதிரி முன்னுக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறது என்றார். சொட்டு மருந்து விட்டு, ஒரு வகை புற ஊதா வெளிச்சம் காட்டி அதை இறுக்கலாம்.

"மேல மேல மோசமாகாம நிறுத்தலாம்மா. ஆனா ஏற்கெனவே போனது திரும்ப வராது. அந்தக் கண்ணு தெளிவாத் தெரிய ஹார்ட் லென்ஸ் போடணும். இது வேகமா மாறிக்கிட்டு இருக்கான்னு தெரியணும். வழக்கமா மூணு மாசம் விட்டு மறுபடி வரச் சொல்லுவோம்."

அவள் என் பக்கம் கையை நீட்டினாள். நோட்டைக் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தைத் திறந்து டாக்டர் முன்னால் வைத்தாள். எப்படி அளந்தாள், எது எதிலிருந்து எவ்வளவு தள்ளி என்று நிதானமாக விளக்கினாள். டாக்டர் சேரை முன்னால் இழுத்துக்கொண்டார். பழைய கண்ணாடிச் சீட்டுகளைக் கேட்டு வாங்கி, நோட்டின் பக்கத்தில் வைத்து மாதம் மாதமாக ஒத்துப் பார்த்தார்.

"வாராவாரம் நீயே அளந்தியா? இத்தன வருஷத்துல ஒரு பேஷன்ட்டும் எனக்கு இப்படிக் கொண்டாந்து கொடுத்ததில்லம்மா." பிறகு விரலை நகர்த்தினார். "இந்த ரெண்டாவது காலம்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அத விட்டுடுங்க டாக்டர்," என்றாள். "அது கணக்குல வராது."

டாக்டர் விட்டுவிட்டார். காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே செய்துவிடலாம் என்றார். எழுதிக்கொண்டே, தனக்குத்தானே சொல்வது போல, "இந்த மொத ரீடிங் எடுத்தப்பவே வந்திருந்தா இவ்வளவு போயிருக்காது," என்றார்.

வெளியே வந்ததும் அவள் அம்மா என் முன்னால் நின்றார். கோபமாக இல்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

"நீ தெனம் இவகூடவே இருந்தியே பேட்டா. லேபுல ஒரே மெசின்ல பாத்தீங்களே. உனக்கு ஒண்ணும் தெரியலியாம்மா?"

நான் வாயைத் திறந்தேன். சொல்லியிருப்பேன் என்றுதான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். அதற்குள் அவள் குறுக்கே பேசினாள்.

"அவ மொத நாளே சொன்னா அம்மி. ஒரே கோடுதான் தெரியுதுன்னு. நாந்தான் அவள நம்பல. இப்பகூட கண்ணுலதான் இருக்குதுன்னு கண்டுபுடிச்சதே அவதான்."

அம்மா என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஈரமாக இருந்தது. அவள் ஆஸ்பத்திரிக் கண்ணாடிக் கதவு வழியாக வெளியே ஓடும் ஆட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஒரு வார்த்தை பேசவுமில்லை.

சிகிச்சை நன்றாக முடிந்தது. கண் எரிச்சலில் வெளிச்சம் பார்க்க முடியாமல் ஒரு வாரம் வீட்டில் இருந்தாள். நான் தினமும் கல்லூரி முடிந்து போய், அன்றைய பாடத்தைப் படித்துக் காட்டினேன். முதல் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள், நான் ஏதோ ஒரு சமன்பாட்டில் கழித்தலைக் கூட்டலாகப் படித்துவிட, கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தவள், "தப்புடி லூசு," என்றாள். அந்த 'லூசு'வைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. அடுத்த வருஷமும் நாங்கள்தான் ஜோடி. அந்த வருஷம் முழுவதும் எங்கள் ரெக்கார்டில் விடைகள் கண்டபடி வந்தன, மேடம் இரண்டு பேரையும் சேர்த்துக் காய்ச்சினார்.

இப்போது அவள் மேற்படிப்பு முடித்துவிட்டு அடையாறு பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் லேசரோடு மல்லுக்கட்டுகிறாள். ஹார்ட் லென்ஸ் போட்டுக்கொண்டால் வலது கண்ணும் சுமாராகத் தெரியும். தூசி பட்டால் வலி உயிர் போகும், நடுரோட்டில் நின்றுவிடுவாள். அப்படி நிற்கும்போது நான்தான் அவள் கையைப் பிடித்துக்கொள்வேன். நான் தேனாம்பேட்டையில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் சோதிக்கிற வேலையில் இருக்கிறேன். தெரிந்தது தெரிந்தபடி எழுத எனக்கு இப்போது சம்பளம் தருகிறார்கள்.

ஒரு நாள் கேட்டேவிட்டேன். "அன்னிக்கு ஏன்டி அம்மிட்ட அப்படிச் சொன்ன?"

"மொத நாளு நீ ஒண்ணுன்னு சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்."

"அப்ப நான் பொய்யி ஒண்ணும் சொல்லலியே."

"மீதி?"

"மீதி உன்னுது. நீதான் சொல்லணும்," என்றாள். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

ஒவ்வொரு பெருநாளுக்கும் எங்கள் வீட்டுக்குத் தூக்கு நிறைய சேமியா வரும். நானும் போவேன். வந்திருக்கிற சொந்தக்காரர்களிடம் எல்லாம் அவள் அம்மா என்னைக் காட்டி, "என் பொண்ணு கண்ண காப்பாத்துன புள்ள," என்பார். இரண்டு முறை சொல்லப் பார்த்தேன். "ஆன்ட்டி, அன்னிக்கு..." என்று ஆரம்பித்தால், சாப்பிடாமல் என்ன பேச்சு என்று தட்டில் இன்னும் ஒரு கரண்டி வைத்துவிடுவார். அதைச் சாக்காக வைத்து நானும் வாயை அடைத்துக்கொள்வேன்.

அதனால்தான் இதை எழுதினேன். அவர் என்னைவிட வேகமாகத் தமிழ் பேசுவார், ஆனால் படிக்கத் தெரிந்தது உருது மட்டும். மகள்தான் படித்துக் காட்ட வேண்டும். நாளைக்கு அவளுக்கு அனுப்பப்போகிறேன். அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படிப்பாள். எனக்காக ஒரு வார்த்தையைக்கூட விட்டுவிட மாட்டாள்.